இளைப்பு நோய்க்கு அலர்ஜி ஊசி: கேட்டுத் தெரிஞ்சுக்குவோம்!



நம்ம தாண்டிக்குடி மலையில் குளிர் காலத்தில் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் விறகு அடுப்பில் சமைக்கிறோம். பீடி, சிகரெட் தொடாத பெண்களுக்கும் விடாத இருமல், சளி, மேடு ஏறினால் இளைப்பு வருவதற்கு இந்தப் புகை ஒரு முக்கியக் காரணம். டாக்டர்கள் இதை சி.ஓ.பி.டி. என்பார்கள். கெட்டுப்போன நுரையீரல் முழுசாகப் பழைய நிலைக்கு வராது. ஆனால் இன்ஹேலர் ஒழுங்காக எடுத்தால் கட்டுக்குள் வைக்கலாம். இப்போது இதற்கு ஒரு அலர்ஜி ஊசியையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

என்ன ஊசி அது?

பெயர் டூபிலுமாப். 2017-ல் அமெரிக்காவில் அலர்ஜியால் வரும் தோல் நோய்க்கு அனுமதி கிடைத்தது. பிறகு ஆஸ்துமாவுக்கும் கொடுத்தார்கள். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தோலுக்கு அடியில் போடணும். இளைப்பு வந்ததும் ஆஸ்பத்திரியில் போடுகிற ஊசி வேறு, இது வேறு. இது உடனே மூச்சைச் சரிசெய்யாது.

எப்படிச் சோதித்தார்கள்?

பல நாடுகளில் 939 பேரை ரெண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து ஊசி, இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ரெண்டு பிரிவும் இன்ஹேலரை நிறுத்தவில்லை. இப்படி ஏன்? இளைப்பு தானாகவே கூடும், குறையும். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்தின் பலன் தெரியும்.

2023-ல் முடிவு வந்தது. நோய் முற்றித் திணறியது, மருந்தில்லாத பிரிவில் 100 பேருக்கு வருஷத்துக்கு 110 தடவை. மருந்துப் பிரிவில் 78 தடவை. குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. 935 பேரிடம் நடந்த அடுத்த சோதனையிலும் ஏறக்குறைய இதே பலன். 2024-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது.

எல்லாருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. ரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் 300-க்குக் குறையாமல் இருந்தவர்களையே சேர்த்தார்கள். இன்னொன்றையும் கவனிங்க. அவர்கள் எல்லாரும் புகைபிடித்தவர்கள், அல்லது பிடித்து விட்டவர்கள். அடுப்புப் புகையால் மட்டும் நோய் வந்த நம்மைப் போன்ற பெண்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை! நமக்கு எவ்வளவு பலன் என்று இந்தச் சோதனைகளை வைத்துச் சொல்ல முடியாது. விலையும் மிக அதிகம்.

ஆய்வில் சேரச் சொன்னால்?

நம்மைப் போன்றவர்களிடமும் ஆய்வு நடக்கத்தான் வேணும். ஆனால் 2019-ல் வந்த மருந்து ஆய்வு விதிகள் நமக்குத் தரும் உரிமைகளைத் தெரிஞ்சு வைப்போம்.

1. விவரம் முழுவதும் நமக்குப் புரியும் பாஷையில் சொல்லணும். படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி கூட இருக்கணும்.
2. புரியாமல் கைநாட்டு வைக்க வேண்டாம். படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்க.
3. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான வைத்தியத்தை மறுக்கக் கூடாது.
4. ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் தரணும்.

இன்றைக்கே செய்யக்கூடியது

அடுப்புக்குப் புகைபோக்கி வையுங்க, ஜன்னலைத் திறங்க, ஈர விறகைத் தவிருங்க. இருமலும் இளைப்பும் விடாமல் இருந்தால், ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை எங்கே செய்யலாம் என்று டாக்டரிடம் கேளுங்க. கொடுத்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள். கேள்வி கேட்பது நம்ம உரிமை!