இந்திய இரயில்வே சரக்குப் பெட்டிகளின் வகைப்பாடும் குறியீடும்

இந்திய இரயில்வே சரக்குப் பெட்டி வகைப்பாடு என்பது, இந்தியத் தொடர்வண்டிப் பாதைகளில் இயங்கும் சரக்குப் பெட்டிகளை (வேகன்களை) அவற்றின் அமைப்பு, ஏற்றும் சரக்கு, இணைப்பி, தடுப்பு முறை, தாங்கும் எடை ஆகியவற்றின் அடிப்படையில் பிரித்து, எழுத்துகளாலும் எண்களாலும் குறிக்கும் முறை ஆகும். ஒவ்வொரு பெட்டியின் பக்கச் சுவரிலும் ஓர் எழுத்துக் குறியீடும் பதினொரு இலக்க எண்ணும் எழுதப்பட்டிருக்கும். எழுத்துக் குறியீடு அது எவ்வகைப் பெட்டி என்பதையும், எண் அது குறிப்பாக எந்தப் பெட்டி என்பதையும் அறிவிக்கின்றன.

மதுரை கோட்டத்தைச் சேர்ந்த கோவில்பட்டி வழியாகச் செல்லும் மதுரை - தூத்துக்குடி, திருநெல்வேலி தடத்தில் சிமெண்ட், உரம், தானியம், நிலக்கரி போன்றவற்றைச் சுமக்கும் பலவகைப் பெட்டிகளைக் காணலாம். கரிசல் வட்டாரத்தின் பஞ்சு, தீப்பெட்டி வணிகம் தொடர்வண்டியை விட்டுச் சாலைக்கு மாறிய வரலாற்றையும் இக்குறியீடுகளின் மாற்றத்தோடு சேர்த்துப் பார்த்தால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

எழுத்துக் குறியீடு

குறியீட்டு எழுத்துகள் ஆங்கில எழுத்துகளாகும். ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழில் 'பி' என்றே எழுதப்படுவதால், குறியீட்டைத் தமிழில் படிப்போர் எழுத்தின் இடத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் வரும் 'பி' போகியைக் குறிக்கும் இரண்டாம் எழுத்து. கொள்கலப் பெட்டிகளில் 'டி'யை அடுத்து வரும் 'பி' பெட்ரோலியத்தைக் குறிக்கும் பதினாறாம் எழுத்து.

முன்னொட்டுகள்

* எம் - மீட்டர் பாதைப் பெட்டி
* என் - குறும்பாதைப் பெட்டி
* பி - போகிப் பெட்டி, அதாவது நான்கு சக்கரங்கள் கொண்ட சட்டகங்கள் இரண்டின் மேல் அமைந்த எட்டுச் சக்கரப் பெட்டி

அகலப்பாதைக்குத் தனி முன்னொட்டு இல்லை. பழைய நாற்சக்கரப் பெட்டிகளுக்கு 'பி' இராது.

பெட்டியின் வகை

* சி - மூடிய பெட்டி
* ஓ - திறந்த பெட்டி
* எஃப் - தட்டைப் பெட்டி
* டி - கொள்கலப் பெட்டி (டேங்கர்)
* ஆர் - தண்டவாளம் போன்ற நீண்ட பொருட்களை ஏற்றும் பெட்டி
* பிவி - காப்பாளர் பெட்டி (பிரேக் வேன்)

பின்னொட்டுகள்

* என் - காற்றழுத்தத் தடுப்பு (ஏர் பிரேக்) கொண்டது
* டி - திருகு இணைப்பி, நடு இணைப்பி இரண்டோடும் பொருந்தும் இடைக்கால இணைப்பி கொண்டது
* எச்எஸ் - அதிவேகப் போகி கொண்டது
* எச்எல் - அதிக அச்சுச் சுமை ஏற்பதும் தன்னெடை குறைந்ததும்
* எம்1 - மாற்றியமைக்கப்பட்டது

ஒரே எழுத்து நிற்கும் இடத்திற்கேற்ப வேறு பொருள் தரும். முதலில் நிற்கும் 'என்' குறும்பாதையையும், இறுதியில் நிற்கும் 'என்' காற்றழுத்தத் தடுப்பையும் குறிக்கும். ஆகவே குறியீட்டை இடமிருந்து வலமாக, ஒவ்வோர் இடமாகப் படித்தல் வேண்டும்.

பரவலாகக் காணப்படும் பெட்டிகள்

பிஓஎக்ஸ்என்: போகியுடன் கூடிய, உயர்ந்த சுவர்களைக் கொண்ட, காற்றழுத்தத் தடுப்புள்ள திறந்த பெட்டி. ஊழியர் பேச்சில் இது 'பாக்ஸ்என்' எனப்படுகிறது. நிலக்கரி, இரும்புத்தாது, கல் போன்று மழையில் நனைந்தாலும் கெடாத சரக்குகளை ஏற்றப் பயன்படுகிறது. இதன் நீளம் 10.713 மீட்டர், தன்னெடை ஏறத்தாழ 22.5 டன்.

பிசிஎன், பிசிஎன்ஏ, பிசிஎன்எச்எல்: மூடிய பெட்டிகள். சிமெண்ட், உரம், அரிசி, கோதுமை, சர்க்கரை முதலிய மூட்டைச் சரக்குகளுக்கு உரியவை. பிசிஎன் வகையைத் திருத்தி அமைத்தது பிசிஎன்ஏ. பிசிஎன்எச்எல் பிற்காலத்தில் வந்த குட்டையான, தன்னெடை குறைந்த வகை.

பிடிபிஎன்: பெட்ரோலியப் பொருட்களுக்கான கொள்கலப் பெட்டி. சமையல் எரிவாயு, அம்மோனியா, அமிலங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கொள்கலப் பெட்டிகளும் தனிக் குறியீடுகளும் உள்ளன. அழுத்தம் தாங்கும் கலனில் செல்ல வேண்டிய பொருளைச் சாதாரணக் கலனில் நிரப்பினால் உயிர்ச்சேதம் நேரலாம். எனவே இவ்வகையில் எழுத்து மாறுவது வெறும் எழுத்துப்பிழையாக முடிவதில்லை.

பிஓபிஆர்என், பிஓபிஒய்என்: அடிப்பகுதியில் கதவு திறந்து சரக்கைக் கொட்டும் பெட்டிகள். முன்னது அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரியையும், பின்னது பாதைக்கு இடும் சரளைக் கல்லையும் கொண்டு செல்கிறது.

பிஎல்சி வகை: கப்பல் சரக்குப் பேழைகளை (கண்டெய்னர்களை) ஏற்றும் தாழ்ந்த தட்டைப் பெட்டி.

காப்பாளர் பெட்டி: சரக்கு வண்டியின் இறுதியில் இணைக்கப்படுவது. இதில் பணிபுரியும் காப்பாளரின் (கார்டு) பதவிப்பெயர் 2022 இல் தொடர்வண்டி மேலாளர் என மாற்றப்பட்டது.

எடையும் நீளமும்

பெட்டியின் சுவரில் அதன் தன்னெடையும் ஏற்கும் எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டின் கூட்டுத்தொகையை அச்சுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அச்சுச் சுமை கிடைக்கும். தண்டவாளமும் பாலங்களும் தாங்கும் எல்லை அச்சுச் சுமையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது.

* பிசிஎன்ஏ: நீளம் 14.45 மீட்டர், தன்னெடை 24.55 டன், மொத்த எடை 81.28 டன்; அச்சுச் சுமை 20.32 டன்
* பிசிஎன்எச்எல்: நீளம் 10.963 மீட்டர், தன்னெடை 20.8 டன்; மொத்த எடை 91.6 டன், அச்சுச் சுமை 22.9 டன்

இதன்படி பிசிஎன்ஏ ஏறத்தாழ 56.7 டன்னும், பிசிஎன்எச்எல் 70.8 டன்னும் சரக்கு ஏற்கும். இவை வடிவமைப்பின்படி அமைந்த அளவுகளாகும். 2000களின் நடுப்பகுதி முதல், குறிப்பிட்ட தடங்களில் பெட்டியில் எழுதப்பட்ட அளவைவிடக் கூடுதலாக ஏற்றவும் இந்திய இரயில்வே அனுமதித்து வருகிறது.

நிலையங்களில் சரக்கு வண்டி ஒதுங்கி நிற்கும் கிளைப்பாதையின் நிலையான நீளம் 686 மீட்டர் ஆகும். வண்டியின் நீளம் இதற்குள் அடங்க வேண்டும். பிசிஎன்ஏ பெட்டிகள் 41 சேர்ந்தால் ஏறத்தாழ 592 மீட்டர் நீளமும் 2,300 டன் சரக்கும், பிசிஎன்எச்எல் பெட்டிகள் 58 சேர்ந்தால் ஏறத்தாழ 636 மீட்டர் நீளமும் 4,100 டன் சரக்கும் ஆகும். பெரிதும் நீளாமலேயே ஒரு வண்டியின் சுமை முக்கால் பங்கு கூடுவதால், குட்டையான பெட்டிகள் விரும்பப்படுகின்றன.

இவ்வேறுபாடு சரக்குக் கொட்டகையில் உடனடியாக உணரப்படும். 45 கிலோ எடையுள்ள யூரியா மூட்டைகளை ஏற்றினால், மேற்கண்ட அளவின்படி பிசிஎன்ஏ பெட்டியில் 1,260 மூட்டைகளும் பிசிஎன்எச்எல் பெட்டியில் 1,573 மூட்டைகளும் அடங்கும். வரும் வண்டியின் குறியீட்டை முன்கூட்டி அறிந்தால்தான் எத்தனை சுமைதூக்குவோர், எத்தனை லாரிகள் தேவை எனத் திட்டமிட இயலும். குறித்த நேரத்திற்குள் இறக்கி முடிக்காவிடில் தாமதக் கட்டணம் (டெமரேஜ்) விதிக்கப்படும்.

எண் குறியீடு

பெட்டியின் பதினொரு இலக்க எண் பின்வருமாறு பிரிக்கப்படுகிறது.

* 1, 2 ஆம் இலக்கங்கள் - பெட்டியின் வகை
* 3, 4 ஆம் இலக்கங்கள் - உடைமையான இரயில்வே மண்டலம்
* 5, 6 ஆம் இலக்கங்கள் - தயாரிக்கப்பட்ட ஆண்டு
* 7 முதல் 10 வரையிலான இலக்கங்கள் - தனி எண்
* 11 ஆம் இலக்கம் - சரிபார்ப்பு இலக்கம்

வகை எண்களில் 10 முதல் 29 வரை திறந்த பெட்டிகளுக்கும், 30 முதல் 39 வரை மூடிய பெட்டிகளுக்கும், 40 முதல் 54 வரை கொள்கலப் பெட்டிகளுக்கும், 55 முதல் 69 வரை கொட்டும் பெட்டிகளுக்கும், 85 முதல் 89 வரை காப்பாளர் பெட்டிகளுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. தென்னக இரயில்வேயின் மண்டல எண் 06 ஆகும். உடைமை எந்த மண்டலமாயினும் பெட்டி நாடு முழுதும் சுற்றும். எனவே 06 எண்ணுள்ள பெட்டியைப் பஞ்சாபிலும், வேறு மண்டலப் பெட்டியைக் கோவில்பட்டியிலும் காண்பது இயல்பே.

சரிபார்ப்பு இலக்கம்

எண்ணைப் படிக்கும்போதோ எழுதும்போதோ நேரும் பிழையைக் கண்டறிய இறுதி இலக்கம் பயன்படுகிறது. அது கணக்கிடப்படும் முறை வருமாறு:

1. முதல் பத்து இலக்கங்களில் இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி 3 ஆல் பெருக்குக.
2. ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி அதனோடு சேர்க்க.
3. கிடைத்த தொகையை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டுமோ அதுவே சரிபார்ப்பு இலக்கம். தொகை பத்தின் மடங்காகவே இருந்தால் அது 0.

எடுத்துக்காட்டாக, 2008 இல் தயாரிக்கப்பட்ட தென்னக இரயில்வே மூடிய பெட்டி ஒன்றின் முதல் பத்து இலக்கங்கள் 3106081235 எனக் கொள்வோம். இரட்டைப்படை இடங்களின் கூட்டுத்தொகை 1+6+8+2+5 = 22; இதன் மும்மடங்கு 66. ஒற்றைப்படை இடங்களின் கூட்டுத்தொகை 3+0+0+1+3 = 7. மொத்தம் 73. இதனை 80 ஆக்க 7 வேண்டும். ஆகவே முழு எண் 31060812357 ஆகும்.

இறுதியில் வரும் 35 என்பதை ஒருவர் 53 என மாற்றி எழுதினால் மொத்தம் 69 ஆகி, சரிபார்ப்பு இலக்கம் 1 என வரும். எழுதப்பட்ட 7 உடன் அது பொருந்தாததால் பிழை வெளிப்படும். ஏதேனும் ஓர் இலக்கம் மட்டும் தவறினால் இம்முறை எப்போதும் கண்டுபிடித்துவிடும். ஆனால் அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறி, அவற்றின் வேறுபாடு சரியாக 5 ஆக இருந்தால் (எ.கா. 1, 6) பிழை புலப்படாது.

சரக்கு இயக்கத் தகவல் அமைப்பு எனும் கணினி வலையமைப்பில் இவ்வெண்ணைக் கொண்டே ஒவ்வொரு பெட்டியும் பின்தொடரப்படுகிறது. எண் தவறினால் பெட்டி ஓரிடத்திலும் அதன் பதிவு வேறிடத்திலும் இருக்கும். சுவரில் எழுதப்பட்டுள்ள பழுதுபார்ப்பு நாள், அடுத்து பணிமனைக்குத் திரும்ப வேண்டிய நாள் ஆகியவற்றையும் ஊழியர்கள் சரிபார்க்கின்றனர்.

கரிசல் வட்டாரமும் சரக்குப் பெட்டிகளும்

மதுரை - தூத்துக்குடி மீட்டர் பாதையைத் தென்னிந்திய இரயில்வே 1876 இல் திறந்தது. கரிசல் மண்ணில் விளைந்த பஞ்சு தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் செல்ல இப்பாதை வழிவகுத்தது. கோவில்பட்டியில் 1891 இல் லாயல் நூற்பாலை தொடங்கப்பட்டது. பின்னர் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது.

பஞ்சு, தீப்பெட்டி ஆகிய இரண்டுமே மூடிய பெட்டி தேவைப்படும் சரக்குகள். தீப்பெட்டி எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் என்ற வகையைச் சேர்ந்தது. பஞ்சோ ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். மேலும் இரண்டும் இடத்தை மிகுதியாக அடைத்து எடை குறைந்திருப்பவை. பெட்டி நிறைந்த பிறகும் அதன் சுமைத்திறனில் பெரும்பகுதி மீதமிருக்கும். எனவேதான் சரக்குக் கட்டண விதிகளில் முழுதும் அழுத்திய பஞ்சுப் பொதி வேறாகவும், அழுத்தாத பஞ்சு வேறாகவும் கொள்ளப்பட்டன.

நாற்சக்கரப் பெட்டிகள் வழக்கில் இருந்த காலத்தில் ஒரு வணிகர் ஒரே ஒரு பெட்டியைப் பதிவு செய்து அனுப்ப முடிந்தது. அதனினும் குறைந்த சில்லறைச் சரக்கும் ஏற்கப்பட்டது. இடையிலுள்ள நிலையங்களில் பெட்டிகள் கழற்றப்பட்டும் சேர்க்கப்பட்டும் வந்தன. 1980கள் முதல் இந்திய இரயில்வே ஒரே வகைப் பெட்டிகள் கொண்ட முழு வண்டியாக (ரேக்) ஏற்றுவதற்கு முதன்மை அளித்தது. காற்றழுத்தத் தடுப்பும் நடு இணைப்பியும் கொண்ட போகிப் பெட்டிகள் இதற்கு ஏற்றவையாக இருந்தன. வெற்றிடத் தடுப்புள்ள பழைய பெட்டிகளை அவற்றோடு கலந்து ஓட்டுவது இயலாததாயிற்று. 1990களில் இத்தடம் 1,676 மி.மீ. அகலப்பாதையாக மாற்றப்பட்டபோது 'எம்' எனத் தொடங்கும் பெட்டிகளும் இங்கு மறைந்தன.

இம்மாற்றம் வட்டாரத் தொழில்களை இரு கூறாகப் பிரித்தது. துலுக்கப்பட்டி அருகே ஆர். ஆர். நகரிலும் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்திலும் உள்ள சிமெண்ட் ஆலைகள் போன்ற பெரிய நிறுவனங்களால் முழு வண்டியை நிரப்ப முடியும். சிறு தீப்பெட்டி ஆலையாலோ, பஞ்சு வணிகராலோ, 2020 இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயைச் செய்பவராலோ 2,000 டன் சரக்கை ஒரே நாளில் ஒரே ஊருக்கு அனுப்ப இயலாது. இவர்களின் சரக்கு பெரும்பாலும் லாரிகளுக்கு மாறியது. இவ்வூர்களுக்குப் பாதை அகலமானது. சிறு வணிகர்க்குச் சரக்கு வண்டியின் கதவு குறுகியது.

வரும் சரக்கைப் பொறுத்தவரை உரமே உழவர்க்கு இன்றியமையாதது. இவ்வட்டாரம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலம். விதைப்புக்கு ஏற்ற ஈரம் சில நாட்களே நிற்கும். உர மூட்டைகள் வரவேண்டிய பருவமும் மழைப் பருவமும் ஒன்றே. யூரியா காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக் கட்டியாகும் இயல்புடையது. ஆகவே ஏற்றுமுன் மூடிய பெட்டியின் கூரையிலும் கதவிலும் ஒழுக்கு உள்ளதா எனப் பார்ப்பது, பெட்டியின் குறியீட்டைப் பார்ப்பதைப் போன்றே முதன்மையானது.

இவற்றையும் பார்க்க

* கோவில்பட்டி தொடர்வண்டி நிலையம்
* தென்னக இரயில்வே
* பொன்மலை தொடர்வண்டிப் பணிமனை
* கரிசல் மண்