வீட்டு மேசையில் ஒரு விமானி அறை: ஒன்றேகால் மணி நேரப் பயணத்துக்கு ஒரு மாலை முழுதும் ஆயத்தம்

புது தில்லி: தில்லியிலிருந்து லடாக்கின் லே நகருக்கு விமானப் பயண நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. அதே பயணத்தை வீட்டில் கணினித் திரைக்கு முன் அமர்ந்து மேற்கொள்ளும் ஒருவர், விமானத்தின் சக்கரங்கள் ஓடுபாதையை விட்டு எழுவதற்கு முன்பே அதைவிடக் கூடுதலான நேரத்தைச் செலவிட்டிருப்பார். வானிலை அறிக்கை, எரிபொருள் கணக்கு, வான்வழி வரைபடம், மாற்று விமான நிலையம், சரிபார்ப்புப் பட்டியல் என நீளும் இந்த ஆயத்தத்தைக் காணும் குடும்பத்தினர், "இது விளையாட்டா, வேலையா?" என்று கேட்பது இயல்பே.

'ஃப்ளைட் சிமுலேட்டர்' எனப்படும் விமானப் பாவனை மென்பொருளைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இந்தியாவின் பல நகரங்களிலும் உள்ளனர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கணினி விளையாட்டுகளுள் ஒன்றாகத் தோன்றலாம். ஆனால் தீவிர ஆர்வலர்கள் இயக்கும் முறையில் இதற்கு எதிரியும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. இதன் சுவை பெரும்பாலும் ஆயத்தத்திலேயே அடங்கியுள்ளது. அந்த ஆயத்தத்தின் ஒவ்வொரு படியும் உண்மையான விமானப் போக்குவரத்தில் ஏதோ ஒரு காரணத்துக்காக, சில வேளைகளில் உயிர்ச்சேதத்துக்குப் பிறகு, உருவானதாகும்.

கேளிக்கைக் கருவியாகத் தொடங்கிய பயிற்சிக் கருவி

சிமுலேட்டரின் வரலாறே விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் இடையில் ஊசலாடியது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரைச் சேர்ந்த எட்வின் லிங்க், 1929 ஆம் ஆண்டில் தம் தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையில் முதல் 'லிங்க் டிரெய்னர்' கருவியை உருவாக்கினார். ஆர்கன் இசைக்கருவியின் காற்றுத் துருத்திகளே அதனைச் சாய்க்கவும் திருப்பவும் பயன்பட்டன. தொடக்கத்தில் அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் கேளிக்கைப் பூங்கா உரிமையாளர்களே. 1934 ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் போக்குவரத்துப் பணியை ஏற்று, மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கத் தெரியாமல் அடுத்தடுத்து உயிரிழந்தனர். அதன் பின்னரே ராணுவம் அந்தக் கருவிகளில் ஆறினை வாங்கியது.

வீட்டுக் கணினிக்கு இத்தகைய மென்பொருளைக் கொண்டுவந்தவர் புரூஸ் ஆர்ட்விக். அவரது படைப்பை அடிப்படையாகக் கொண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1982 இல் தனது முதல் ஃப்ளைட் சிமுலேட்டரை வெளியிட்டது. அன்று சில கோடுகளாகத் தெரிந்த நிலப்பரப்பு, 2020 ஆகஸ்டில் வெளியான பதிப்பில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் காட்டும் அளவுக்கு வளர்ந்தது. ஐரோப்பாவில் அதன் வட்டுப் பதிப்பு 10 டிவிடிகளில் விற்கப்பட்டது. லாமினார் ரிசர்ச் நிறுவனத்தின் எக்ஸ்-பிளேன் மற்றொரு புகழ்பெற்ற மென்பொருளாகும்.

கருவிகளைப் பொறுத்தவரை, ஒரு சாதாரண ஜாய்ஸ்டிக்குடன் தொடங்குபவர்களே அதிகம். பின்னர் த்ராட்டில், காலால் இயக்கும் ரடர் பெடல், தலையின் அசைவைக் கண்டறியும் கருவி எனப் பட்டியல் நீளும். சிலர் பிளைவுட் பலகையில் துளையிட்டு, ஆர்டுயினோ மின்சுற்றுப் பலகையுடன் சுவிட்சுகளை இணைத்து, விமானி அறையின் மேற்கூரைப் பலகையையே வீட்டில் அமைத்துவிடுகின்றனர். செலவு மிகுந்த பகுதி இதுதான் என்றாலும், பொழுதுபோக்கின் உயிர் இதில் இல்லை. விலை உயர்ந்த கருவிகளை வாங்கிய பின் எரிபொருளைக் கணக்கிடாமல் புறப்படுபவரை இந்தத் துறையில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை.

லே பயணத்துக்கான கணக்கு

தில்லி–லே பயணத்தையே எடுத்துக்கொள்ளலாம். முதலில் தேவைப்படுவது வழித்தடத் தரவு. வான்வழிகள், அவற்றின் சந்திப்புப் புள்ளிகள், தரையிறங்கும் முறைகள் ஆகியவை உலகெங்கும் 28 நாள்களுக்கு ஒருமுறை என்ற சுழற்சியில் புதுப்பிக்கப்படுகின்றன. இந்தியாவுக்கான இத்தகைய தகவல்களை இந்திய விமான நிலையங்கள் ஆணையம் வெளியிடுகிறது. பழைய தரவுடன் புறப்படும் வீட்டு விமானி, நீக்கப்பட்ட ஒரு புள்ளியைத் தேடி அலைய நேரிடும்.

விமான நிலையங்களும் இங்கு ஊர்ப்பெயரால் அழைக்கப்படுவதில்லை. தில்லி 'விஐடிபி', லே 'விஐஎல்ஹெச்', சென்னை 'விஓஎம்எம்' என ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்துக் குறியீடு உண்டு. இந்தியாவில் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்தே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எனப் பிரித்தறிந்துவிடலாம். சில வாரங்களில் இவை ஆர்வலர்களுக்கு ரயில் நிலையப் பெயர்களைப் போல மனப்பாடமாகிவிடுகின்றன.

அடுத்தது எரிபொருள். சிம்பிரீஃப் போன்ற இணையச் சேவைகள் இந்தக் கணக்கைச் சில நொடிகளில் முடித்துத் தந்தாலும், அதன் உட்பிரிவுகளைப் புரிந்துகொள்வதே ஆயத்தத்தின் பகுதியாகக் கருதப்படுகிறது. பயணத்துக்குத் தேவையான அளவு, எதிர்பாராத நிலைமைகளுக்காக வழக்கமாக 5 சதவீதக் கூடுதல், இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்தை அடைவதற்கான அளவு, இவை அனைத்துக்கும் மேலாக 30 நிமிடம் வட்டமிடுவதற்கான இறுதிக் கையிருப்பு எனப் பல அடுக்குகள் உள்ளன. லே விஷயத்தில் இது வெறும் சம்பிரதாயம் அன்று. அங்கு காற்றோ மேகமோ வழிவிடாவிட்டால் திரும்பி வருவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே சண்டீகர் அல்லது தில்லி வரை திரும்பும் எரிபொருளையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 10,680 அடி உயரத்தில், சிந்து நதிப் பள்ளத்தாக்கில், மலைகளால் சூழப்பட்டு அமைந்துள்ளது. பயணிகள் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் பொதுவாக 8,000 அடி உயரத்துக்கு நிகரான அளவுக்குள் வைத்திருக்கப்படும். லேயில் தரையே அதைவிட உயரம். எனவே விமானம் கீழே இறங்க இறங்க, உட்புற அழுத்தத்தின் அளவில் அது மேலே ஏறிக்கொண்டிருக்கும். இந்த விந்தையை முன்கூட்டியே படித்து அறியாத வீட்டு விமானி, கருவிப் பலகையைக் கண்டு எங்கோ பழுது ஏற்பட்டுவிட்டதாக எண்ணக்கூடும்.

வேகமும் அவ்வாறே ஏமாற்றும். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. தரையிறங்கும்போது வேகமானி 135 நாட் எனக் காட்டினாலும், திட்ட வளிமண்டல நிலையில் விமானத்தின் உண்மையான வேகம் ஏறத்தாழ 159 நாட் ஆக இருக்கும். திருப்பத்தின் வட்டம் பெரிதாகும். பிரேக் பிடித்து நிற்பதற்கான தூரமும் நீளும். பள்ளத்தாக்கில் திரும்புவதற்கான இடமோ குறைவு.

நடுவழியில் கதவழுத்தம் இழந்தாலோ, இன்ஜின் ஒன்று நின்றாலோ என்ன செய்வது என்பதும் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்யப்பட வேண்டியதாகும். உட்புற அழுத்தம் குறைந்தால் 10,000 அடிக்கு விரைந்து இறங்குவதே பொதுவான வழக்கம். இமயத்தின் மேல் அந்த உயரத்தில் காற்று இல்லை, மலைதான் உள்ளது. ஆகையால் பாதையின் எந்தப் புள்ளியிலிருந்து எந்தத் திசையில் விலகித் தப்ப வேண்டும் என்பது வரைபடத்தில் முன்னதாகவே குறிக்கப்படுகிறது. உண்மையில் லே செல்லும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி கட்டாயம். வீட்டில் அமர்ந்திருப்பவருக்கு அத்தகைய கட்டாயம் ஏதுமில்லை. எனினும் தீவிர ஆர்வலர்கள் அதே வரைபடத்தை அச்சிட்டு, அதே விலகல் வழிகளைப் பென்சிலால் குறித்துக்கொள்கின்றனர். எவரும் கேட்காத கேள்விக்கு விடை எழுதி வைக்கும் இந்த மனநிலையே இப்பொழுதுபோக்கின் அடையாளம் எனலாம்.

இதில் ஒரு சிறு சிக்கலும் உண்டு. பிற்பகலில் காற்று வலுப்பதால் லே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே இயக்கப்படுகின்றன. அலுவலகம் முடிந்து இரவில் கணினி முன் அமர்பவர், நிகழ்நேர வானிலையுடன் பறக்க விரும்பினால் திரையில் இருண்ட மலைகளையே காண்பார். விடுமுறை நாளில் அதிகாலையில் எழுவதே அவருக்கு உள்ள நேர்மையான வழி. அவ்வாறு எழுந்து அமர்ந்ததும், மென்பொருள் பல ஜிகாபைட் அளவிலான புதுப்பிப்பைக் கோரி நிற்பது ஆர்வலர்கள் அனைவருக்கும் பழகிப்போன துன்பம்.

இருண்ட அறையிலிருந்து ஓடுபாதை வரை

திட்டம் முடிந்த பிறகு விமானி அறை. ஒரே விசையில் இன்ஜினை இயக்கும் வசதி மென்பொருளில் இருந்தாலும், மின்சாரம் முற்றிலும் துண்டிக்கப்பட்ட நிலையிலிருந்து தொடங்குவதையே பலர் விரும்புகின்றனர். பேட்டரி, துணை மின்னாக்கி, எரிபொருள் பம்புகள் என ஒவ்வொன்றாக உயிர்பெறும். ஏர்பஸ் ஏ320 விமானத்தில், தான் இருக்கும் இடத்தை விமானம் தானே உணரும் கருவிகள் நிலைகொள்ள 10 நிமிடம் வரை ஆகலாம். இதனை நொடியில் முடிக்கும் குறுக்குவழியை மென்பொருள்கள் தந்தும், காத்திருப்பவர்கள் உண்டு. ஃப்ளைபைவயர் என்ற தன்னார்வக் குழு இத்தகைய நுணுக்கங்களுடன் ஏ320 வகை விமானத்தை உருவாக்கி இலவசமாகவே வழங்கி வருகிறது.

உயரமானியில் அன்றைய காற்றழுத்தத்தைப் பதிவு செய்வது மிகச் சிறிய வேலை. ஆனால் ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறினால் ஏறத்தாழ 28 அடி பிழை நேரும். பத்து ஹெக்டோபாஸ்கல் தவறினால், மேகத்துக்குள் இறங்கும் விமானம் தான் எண்ணும் உயரத்தைவிட ஏறத்தாழ 280 அடி தாழ்வாக இருக்கக்கூடும்.

மறுமுனையில் மனிதர்

தனியாகப் பறப்பதில் நிறைவு கொள்ளாதவர்கள், 1998 இல் தொடங்கப்பட்ட ஐவாவோ, 2001 இல் தொடங்கப்பட்ட வாட்சிம் ஆகிய இணைய வலையமைப்புகளில் சேர்கின்றனர். அங்கு வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக அமர்வதும் தன்னார்வலரே. அதற்காக அவர் பாடம் படித்துத் தேர்வு எழுதித் தகுதி பெற்றிருப்பார். தில்லி வான்பகுதியில் அவர் பணியில் இருக்கும் மாலை வேளையில், ஒருவர் செய்யும் தவறு மற்ற அனைவரின் வரிசையையும் குலைத்துவிடும். புதியவர்களில் பலர் ஒலிவாங்கியை முதன்முறை அழுத்தத் தயங்குவதற்குக் காரணமும் இதுவே. என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுபவர்கள் குறைவல்லர்.

கட்டுப்பாட்டாளர் கூறிய உயரத்தையும் திசையையும் விமானி அப்படியே திருப்பிக் கூற வேண்டும் என்பது அங்கும் மாறாத விதி. உயரக் கட்டளை மீறப்பட்டால் என்ன நேரும் என்பதை அறிய இந்தியர்கள் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. 1996 நவம்பர் 12 அன்று, 15,000 அடிக்கு இறங்க அனுமதிக்கப்பட்ட கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே சென்று, 14,000 அடியில் எதிரே வந்த சவூதி விமானத்துடன் ஹரியானாவின் சர்கி தாத்ரி அருகே மோதியது. இரு விமானங்களிலும் இருந்த 349 பேரும் உயிரிழந்தனர்.

உரிமத்துக்கு உதவுமா?

இளைஞர்களும் பெற்றோரும் அதிகம் கேட்கும் கேள்வி இது. வீட்டுக் கணினியில் ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும், அதில் ஒரு நிமிடம்கூட விமானி உரிமத்துக்கான கணக்கில் சேராது. வணிக விமானி உரிமத்துக்கு இந்தியாவில் குறைந்தது 200 மணி நேரப் பறத்தல் அனுபவம் தேவை. சிமுலேட்டர் பயிற்சி கணக்கிடப்படும் இடங்களிலும், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்ற கருவிகள் மட்டுமே ஏற்கப்படும்.

வீட்டுப் பழக்கம் சில வேளைகளில் இடையூறாகவும் அமையலாம். திரையில் பழகியவர், வெளியே பார்க்க வேண்டிய நேரத்திலும் கருவிகளையே உற்றுப் பார்ப்பார். இருக்கையின் அதிர்வு, காற்றின் உதறல், உடல் உணரும் சாய்வு ஆகியவற்றை மேசை கற்றுத்தராது. அதேவேளையில் கருவிகளைப் படித்தல், வானொலி உரையாடல், சரிபார்ப்புப் பட்டியலின் ஒழுங்கு ஆகியவற்றில் அவர் மற்ற மாணவர்களைவிட முன்னே நிற்க வாய்ப்புண்டு. பயிற்சிக்கான பல லட்சம் ரூபாய் செலவோ, மருத்துவத் தகுதியோ தடையாகி விமானி ஆகும் எண்ணத்தைக் கைவிட்டவர்களுக்கு, உரிமம் கேட்காத வானம் இது ஒன்றே. அவர்கள் எரிபொருள் கணக்கில் காட்டும் கண்டிப்பை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

லேயில் இறங்கிய பின்னும் வேலை முடிவதில்லை. திரும்பும் பயணத்துக்கான கணக்கு இன்னும் கடினம். உயரத்தோடு வெப்பமும் சேர்ந்தால் காற்று மேலும் மெலிந்து, முழுச் சுமையுடன் விமானம் மேலெழ இயலாது. 2024 ஜூலை இறுதியில் லேயில் வெப்பநிலை வழக்கத்தைவிட உயர்ந்தபோது விமானங்கள் ரத்து செய்யப்பட்டன. அத்தகைய நாளின் வெப்பநிலையைச் சிமுலேட்டரில் அமைத்து, எத்தனை பயணிகளை இறக்கிவிட்டால் புறப்பட முடியும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது ஆர்வலர்களுக்கு விருப்பமான பயிற்சியாகும். இறக்கிவிடப்படுபவர்கள் கற்பனைப் பயணிகள்தாம் என்றாலும், கணக்கில் ஒருவரைக்கூடக் குறைத்துக் காட்ட அவர்கள் உடன்படுவதில்லை.