மேற்கோள் மென்பொருள்: வெளியேறும் வழியை முதலில் பாருங்கள்

ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டில் எடுத்தாளப்படும் நூல்களும் கட்டுரைகளும் நூறைத் தாண்டுவது இயல்பு. அவை ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைப் பிழையின்றிக் குறித்துவைப்பதும், பல்கலைக்கழகமோ ஆய்விதழோ கேட்கும் முறைப்படி அவற்றைத் துணைநூற்பட்டியலாக அடுக்குவதும் ஆய்வாளரின் பொறுப்பு. கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறைகளை வகுத்த பிறகு, எந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று சான்று காட்டுவதில் கவனக்குறைவுக்கு இடமில்லாமல் போனது. முன்பு சிறு அட்டைகளில் எழுதிச் சேர்த்த இந்த விவரங்களைக் கணினியில் தொகுத்து, வேண்டிய இடத்தில் எடுத்துக் கொடுக்கும் கருவியே மேற்கோள் மேலாண்மை மென்பொருள்.

இத்தகைய மென்பொருள் எதுவாயினும் மூன்று வேலைகளைச் செய்கிறது. உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தியதும் கட்டுரையின் விவரங்களைத் தானே திரட்டிப் பதிவு ஒன்றை உருவாக்குகிறது. பிடிஎஃப் கோப்பையும் ஆய்வாளரின் குறிப்புகளையும் அந்தப் பதிவோடு இணைத்துவைக்கிறது. வேர்டு போன்ற எழுதுமென்பொருளுக்குள் மேற்கோளைச் செருகி, இறுதியில் பட்டியலையும் தயாரித்துத் தருகிறது. ஆசிரியரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தரும் ஏ.பி.ஏ. முறையில் எழுதிய கட்டுரையை, எண்களால் மேற்கோள் காட்டும் வான்கூவர் முறைக்கு மாற்ற வேண்டி வந்தால், கையால் செய்யும்போது நாள் கணக்கில் நீளும் வேலை சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

இவற்றுள் பழையதும் கட்டணம் பெறுவதுமான எண்ட்நோட் 1980களின் இறுதியில் வந்தது; இன்று அது கிளாரிவேட் நிறுவனத்தின் கையில் உள்ளது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளியான சோட்டெரோ, எவரும் நிரல்களைப் பார்க்கவும் திருத்தவும் இடமளிக்கும் திறந்த மூல மென்பொருள். லண்டனில் தொடங்கப்பட்ட மெண்டலியை 2013இல் எல்செவியர் பதிப்பு நிறுவனம் வாங்கியது. கணிதம், இயற்பியல் துறைகளில் லாடெக் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருள் கொண்டு எழுதுவோர், 1985இல் உருவான பிப்டெக் கோப்பு வடிவத்தையும், அதைக் கையாளும் ஜாப்ரெஃப் என்ற இலவச மென்பொருளையும் நாடுகின்றனர்.

எது சிறந்தது என்று வசதிகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர், நாளைக்கு இதைவிட்டு வெளியேற முடியுமா என்ற கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆய்வாளரின் தொகுப்பு இருபது, முப்பது ஆண்டுகள் வளரக்கூடியது. மென்பொருளோ அதன் உரிமையாளரோ அவ்வளவு காலம் மாறாமல் இருப்பதில்லை. எண்ட்நோட்டின் மேற்கோள் முறைக் கோப்புகளைச் சோட்டெரோ படிக்கத் தொடங்கியபோது, அன்றைய உரிமையாளரான தாம்சன் ராய்ட்டர்ஸ் 2008இல் வர்ஜீனியாவில் வழக்குத் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு அது தள்ளுபடியானது. 2018இல் மெண்டலி, பயனரின் சொந்தக் கணினியில் இருக்கும் தரவுத்தளத்தையே மறைகுறியாக்கியது. தரவுப் பாதுகாப்பைக் காரணமாக நிறுவனம் கூறினாலும், சோட்டெரோ அந்தத் தரவுத்தளத்தை நேரடியாகப் படித்து இறக்கிக்கொண்டிருந்த வழி அதனால் அடைபட்டது. மெண்டலியின் இணையக் கணக்கு வழியாக இறக்கும் முறையைச் சோட்டெரோ பின்னர் ஏற்படுத்தியது. பலரும் பழகியிருந்த மெண்டலியின் பழைய கணினிப் பதிப்பைப் புதிதாகப் பதிவிறக்கும் வசதியும் 2022 செப்டம்பரோடு நின்றது.

வெளியேறும் வழி என்பது நடைமுறையில் ஏற்றுமதிக் கோப்புதான். ஆர்.ஐ.எஸ்., பிப்டெக் என்ற இரு பொது வடிவங்களை ஏறத்தாழ எல்லா மென்பொருள்களும் எழுதவும் படிக்கவும் செய்கின்றன. ஆயினும் அவை ஆசிரியர், தலைப்பு, ஆண்டு போன்ற அடிப்படை விவரங்களையே முழுமையாகச் சுமந்து செல்கின்றன. கோப்புறைகளாகப் பிரித்துவைத்த ஒழுங்கும், பிடிஎஃப் பக்கங்களில் செய்த அடிக்கோடுகளும் பெரும்பாலும் பின்தங்கிவிடுகின்றன. ஆகவே ஏற்றுமதி உண்டா என்பதோடு நிறுத்தாமல், அதில் எவை விடுபடும் என்றும் பார்த்தாக வேண்டும்.

தமிழ் நூல்களைக் கையாள்வோருக்குச் சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. இம்மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற மேலை வழக்கை ஒட்டி இரு கட்டங்களை வைத்துள்ளன. மயிலை சீனி. வேங்கடசாமி என்ற பெயரில் ஊரும் தந்தையின் பெயரும் இயற்பெயருக்கு முன் நிற்கின்றன. இதை ஆங்கிலத்தில் அவ்விரு கட்டங்களில் பிரித்து இட்டால், ஏ.பி.ஏ. முறையில் ‘வேங்கடசாமி, எம். எஸ்.’ என்று சுருங்கி, அறிஞர் அறியப்பட்ட ‘மயிலை’ மறைந்துவிடுகிறது. சோட்டெரோவில் ஒரே சொடுக்கில் இரு கட்டங்களை ஒன்றாக்கிப் பெயரை முழுமையாக இட முடியும். இத்தகைய வசதி உண்டா என்பது தமிழியல் ஆய்வாளருக்கு மற்ற பல வசதிகளைவிட முக்கியமானது.

பழைய தமிழ் நூல்களுக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணோ, ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு வழங்கப்படும் டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள எண்ணோ கிடையாது என்பதால், விவரங்களைக் கையால்தான் உள்ளிட வேண்டும். திருவள்ளுவர் ஆண்டு மட்டும் அச்சான நூலாயின், அதிலிருந்து 31ஐக் கழித்துக் கிடைக்கும் பொது ஆண்டை ஆண்டுக்குரிய கட்டத்திலும், அச்சில் உள்ளதைக் குறிப்பிலும் இடுவது குழப்பத்தைத் தவிர்க்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பதிவு, கணினியைப் பொறுத்தவரை வெறும் ஆங்கில எழுத்துக் கோவை. வேறு எழுத்துருவில் அதைப் படிக்க இயலாது, அகரவரிசையிலும் அது சரியாக அமையாது. எல்லாவற்றையும் யூனிகோடில் வைத்திருப்பதே பாதுகாப்பு.

அடுத்துப் பார்க்க வேண்டியது எழுதும் சூழல். சோட்டெரோ வேர்டு, லிப்ரே ஆஃபீஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. மெண்டலியின் இன்றைய செருகி வேர்டுக்கு மட்டுமே உரியது. நெறியாளரும் இணை ஆசிரியர்களும் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் கணக்கில் கொள்ளத்தக்கது. ஒரே கோப்பில் இருவர் இரு வேறு மென்பொருள்களால் மேற்கோள் செருகினால் பட்டியல் ஒன்றாகச் சேராது. சேமிப்பிடத்தில் மெண்டலி 2 ஜி.பி., சோட்டெரோ 300 எம்.பி. இலவசமாகத் தருகின்றன. சோட்டெரோவின் அளவு கோப்புகளுக்கு மட்டுமே. நூல் விவரங்களை எவ்வளவு வேண்டுமானாலும் ஒத்திசைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, முடிவெடுக்குமுன் அரைநாளைச் சோதனைக்கு ஒதுக்குவது நல்லது. ஓர் ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரை, ஒரு பழந்தமிழ் நூலின் பதிப்பு, ஓர் ஆய்வேடு, ஒரு நாளிதழ்ச் செய்தி என வகைக்கொன்றாகப் பத்துப் பதிவுகளை உள்ளிட்டு, தம் பல்கலைக்கழகம் கேட்கும் முறையில் பட்டியல் எடுத்துப் பார்க்க வேண்டும். பின் அதே பத்தையும் ஆர்.ஐ.எஸ். கோப்பாக ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து, எது குறைந்தது, எது உருமாறியது என்று சரிபார்க்க வேண்டும். பத்துப் பதிவுகளில் தெரியும் குறை, ஆயிரம் பதிவுகள் சேர்ந்த பின் திருத்த முடியாததாகிவிடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், தானாகத் திரட்டப்பட்ட விவரங்களை நூலின் தலைப்புப் பக்கத்தோடு ஒப்பிடும் வேலை ஆய்வாளருடையதே. பட்டியலில் உள்ள பிழைக்கு வாய்மொழித் தேர்வில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.