ஒரு ஸ்க்ரூ... ஒரு பட்டை... ஒரு மெடல்!

பாஸ், ஒரு குட்டி குவிஸ். ரைஃபிள்ல தோளில் மாட்டுற பட்டை இருக்கே, அது எதுக்கு?

'தூக்கிட்டு நடக்க'ன்னு சொன்னீங்கன்னா பாதி மார்க்தான். என்.சி.சி. பார்ட்டிங்க பரேடுல ஸ்லிங்கை அப்படித்தான் பார்த்திருப்பீங்க. மீதி மார்க் ஒலிம்பிக்ஸ்ல இருக்கு. 2024 பாரிஸ்ல ஸ்வப்னில் குசாலே 451.4 பாயின்ட் எடுத்து வெண்கலம் வாங்கினாரே, 50 மீட்டர் ரைஃபிள் த்ரீ பொசிஷன்? கொல்ஹாப்பூர் பக்கத்து ஆளு, அப்போ ரயில்வேல டிக்கெட் கலெக்டரா இருந்தார். அந்த ஈவென்ட்ல முட்டி போட்டு, படுத்து, நின்னுனு மூணு விதமா சுடணும். முதல் ரெண்டுக்கும் ஸ்லிங் ஓ.கே. நின்னு சுடும்போது மட்டும் அதோட தயவு கிடையாது.

ஏன் இந்தப் பாகுபாடு? டார்கெட்டைப் பாருங்க. 50 மீட்டர் தள்ளி இருக்கிற அட்டையில 'பத்து' வட்டத்தோட விட்டம் 10.4 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகம் சைஸ். நடுவுல இருந்து 5.2 மில்லிமீட்டர் விலகினா வட்டத்தோட ஓரம். கணக்கு போட்டா ரைஃபிள் ஒரு டிகிரியில கிட்டத்தட்ட 170-ல ஒரு பங்குகூட ஆடக் கூடாது. தசையை நம்பினா கதை கந்தல். அதனால பட்டையோட ஒரு முனையை இடது மேல்கையில இறுக்கிக் கட்டி, மறுமுனையை ரைஃபிளோட முன்பக்கம் மாட்டுறாங்க. மேல்கை, முன்கை, பட்டை மூணும் சேர்ந்து ஒரு முக்கோணம். நம்ம பாஷையில சொன்னா ட்ரஸ்! வெயிட்டை எலும்பு தாங்குது, தசை ரெஸ்ட் எடுக்குது. ஒரே தொல்லை, பட்டை தப்பான இடத்துல இறுகினா நாடித்துடிப்பு அது வழியா ரைஃபிளுக்குப் போய், குறி லப்டப்னு குதிக்கும்.

சரி, பட்டையை மாட்ட ஒரு கொக்கி வேணுமே? ஒலிம்பிக்ஸ் ரைஃபிள்ல கவலையே இல்லை. அடியில அலுமினியத் தண்டவாளம் ஓடும், ஹேண்ட் ஸ்டாப்பை அதுல வேணுங்கிற இடத்துக்குத் தள்ளி முடுக்கிக்கலாம். சாதாரண ரைஃபிள்லதான் தகராறு. மர ஸ்டாக்கா இருந்தா ஆசாரி வேலை. தலையில ஓட்டை வெச்ச குட்டி ஸ்க்ரூவை, அதாவது ஸ்விவல் ஸ்டட்டை, திருகினா முடிஞ்சது. பிளாஸ்டிக் ஸ்டாக்கா இருந்தா?

இங்க ஒரு ஃப்ளாஷ்பேக். 1959-ல அமெரிக்காவோட ரெமிங்டன் கம்பெனி 'நைலான் 66'னு ஒரு .22 ரைஃபிளை இறக்குச்சு. பேரே கெமிஸ்ட்ரிதான். ஆறு கார்பன் உள்ள ரெண்டு மூலக்கூறை மாத்தி மாத்திக் கோத்தா நைலான் 66. கொடுத்தது டூபான்ட். மர ஸ்டாக்குக்குப் பழகின ஆளுங்க 'இது பொம்மைத் துப்பாக்கி'னு மூக்கைச் சுளிச்சாங்க. கம்பெனியோட டாம் ஃப்ரை அதே வருஷம் மேலே எறிஞ்ச 1,00,010 மரக்கட்டைகளைச் சுட்டாரு. தவறவிட்டது ஆறே ஆறு. அப்புறம் அது பத்து லட்சத்துக்கும் மேல வித்துச்சு. (நம்ம ஊர்ல ஆயுதச் சட்டம் வந்ததும் அதே 1959. லைசென்ஸ் இல்லாம இந்த மாதிரி ரைஃபிளைத் தொட்டா ஸ்லிங்குக்கு பதிலா விலங்குதான் மாட்டுவாங்க!)

விலை கம்மியான பிளாஸ்டிக் ஸ்டாக் பெரும்பாலும் அச்சுல வார்த்தது. வெளியே சில மில்லிமீட்டர் தோல், உள்ளே காலி, நடுநடுவுல விலா எலும்பு மாதிரி தடுப்பு. மர ஸ்க்ரூவை அதுல திருகினா ஏதோ பிடிச்ச மாதிரி இருக்கும். ரைஃபிள் கனத்துல நாலு தடவை குலுங்கினா புடுங்கிட்டு வந்துடும். லோடான ரைஃபிள் தோள்ல இருந்து நழுவினா என்ன ஆகும்? மெடலை விடுங்க, பக்கத்துல நிக்கிற ஆளோட காலை யோசிங்க.

அதனால விவரமான கன்ஸ்மித் முதல்ல ரைஃிபிள் காலியான்னு பார்த்து, பேரலையும் ஆக்‌ஷனையும் ஸ்டாக்குல இருந்து கழட்டி ஓரமா வெச்சுடுவார். பின்பக்கம், ஸ்டட் வர்ற இடத்துல, உள்ளே எபாக்ஸி ஊத்துவார், இல்லேன்னா மரக்கட்டை வெச்சு நிரப்புவார். நைலான்ல பசை சுலபமா ஒட்டாது. உள்சுவரைச் சுரண்டிக் கரடுமுரடாக்கி, பல் மாதிரி கவ்வ வைக்கணும். முன்பக்கம் மர ஸ்க்ரூ பேச்சே கிடையாது. மெஷின் ஸ்க்ரூவை வெளியில இருந்து விட்டு, உள்ளே வாஷர், நட் போட்டு முடுக்கணும். டிரில் மெதுவா சுத்தணும். ஸ்பீடு ஏத்தினா பிளாஸ்டிக் வெட்டுப்படாது, உருகி பிட்டைச் சுத்திக்கும்.

நட்டோட தலை பேரலைத் தொடவே கூடாது. தொட்டா குண்டு வேற ஊருக்குப் போகும். அதைவிட மோசமான வில்லன் ஸ்டாக்கேதான். நைலான் 66-ஓட யங்ஸ் மாடுலஸ் சுமார் 3 கிகாபாஸ்கல். வால்நட் மரத்துக்கு நார் ஓடுற திசையில 11-ஐ ஒட்டி வரும். அலுமினியத்துக்கு 70. கண்ணாடி இழை கலந்தா நைலான் கொஞ்சம் விறைக்கும், ஆனா ஈரம் குடிச்சா திரும்பத் தளரும். இப்ப ஸ்டாக்கோட முன்பகுதியை ஒரு கேன்டிலீவரா நினைச்சுக்கோங்க. எஸ்.ஓ.எம். பேப்பர்ல மனப்பாடம் பண்ணின ஃபார்முலாவேதான்: நீளம் ரெண்டு மடங்கானா வளைவு எட்டு மடங்கு. ஸ்டட்டை நுனிக்குக் கொண்டுபோய் வெச்சு ஸ்லிங்கை இறுக்கினா, மூக்கு இடது பக்கமா வளைஞ்சு ஸ்டாக்கோட சுவர் பேரல்ல உரசலாம். பட்டை இல்லாம நடுவுல விழுந்த குண்டு, பட்டை போட்டதும் ஒதுங்கி விழுறதுக்கு இதுவும் ஒரு காரணம். சுடுறவர் பாவம், தன் கைதான் சரியில்லைன்னு மண்டையைப் பிச்சுக்குவார்.

கண்டுபிடிக்க வழி இருக்கு. ஸ்டாக்குக்கும் பேரலுக்கும் நடுவுல ஒரு துண்டு பேப்பரை விட்டு, சுடுற மாதிரியே ஸ்லிங்கை இறுக்கிக்கிட்டு, ஃப்ரெண்டை விட்டு பேப்பரை இழுக்கச் சொல்லுங்க. சிக்கினா ஸ்டட்டைப் பின்னாடி தள்ளணும், இல்லேன்னா உள்சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். முன்னே சொன்ன அந்தப் புடுங்கல் டெஸ்ட்டையும் வெறும் ஸ்டாக்கை வெச்சே முடிச்சுடணும். பட்டையில ரைஃபிளோட எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, ஒரு ராத்திரி அப்படியே விட்டுப் பாருங்க. ஸ்டட் ஒரு நூல் அசைஞ்சிருந்தாலும் மறுபடி எபாக்ஸிதான்.