குர்ஆன் மத்ரஸாவில் பிரம்பு: மார்க்கமும் சட்டமும்

கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கலஹின்னை என்று கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் முஸ்லிம் பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டு வகுப்பறைகள். காலையில் அரசாங்கப் பாடசாலை. பின்னேரம் குர்ஆன் மத்ரஸா. காலையில் ஆசிரியர் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17, 2016/12 ஆகிய சுற்றுநிருபங்கள் சொல்கின்றன. அவை பாடசாலைகளுக்கு உரியவை. குர்ஆன் மத்ரஸாக்களோ முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதிவாகின்றவை. அன்றாடம் அவற்றை நடத்துவது பள்ளி நிர்வாகம். ஆகவே காலையில் பிள்ளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பின்னேரம் அதனோடு கூட வருவதில்லை.

இது நம் நாட்டில் மட்டுமுள்ள இடைவெளி அல்ல. இங்கிலாந்தில் பாடசாலைகளில் அடி தடைசெய்யப்பட்ட பிறகும், பகுதிநேர மார்க்க வகுப்புகள் தடைக்கு வெளியே நின்றன. அந்த விதிவிலக்கு நீங்க வேண்டும் என்று 2010இல் சேர் ரொஜர் சிங்கிள்டன் அந்நாட்டு அரசுக்கு அறிக்கை கொடுத்தார். வேல்ஸ் 2022இல் பெற்றோர் அடிப்பதையும் சேர்த்தே தடுத்துவிட்டது.

"அடிச்சாத்தான் புள்ள ஓதும்", "கண்ணை விட்டுட்டுத் தோலை உரிங்க ஹஸரத்" என்று சொல்லி விட்டுப் போகும் பெற்றோர் நம்மிடையே உண்டு. மார்க்கம் இதை அனுமதிக்கிறது என்பதே இதற்குப் பின்னால் உள்ள நம்பிக்கை. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவது அபூதாவூதில் வரும் ஹதீஸ்: ஏழு வயதில் தொழ ஏவுங்கள், பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள் என்ற கருத்தில் அமைந்தது. அது பேசுவது தொழுகையைப் பற்றி. சொல்லப்பட்டது பெற்றோருக்கு. ஏவலுக்கும் அடிக்கும் இடையே மூன்று வருஷம் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை மத்தை நீட்டவில்லை, சபகு பாடமில்லை என்பதற்காகப் பிரம்பெடுக்க இதில் ஆதாரம் எங்கே இருக்கிறது?

நபி (ஸல்) அவர்கள் நடந்து காட்டியதோ தெளிவாக இருக்கிறது. போர்க்களத்தைத் தவிர வேறெங்கும் தம் கையால் எவரையும் அவர்கள் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரழி) அறிவிக்கிறார்கள். பத்து வருஷம் பணிவிடை செய்த அனஸ் (ரழி), தம்மிடம் ஒரு 'சீ' கூடச் சொன்னதில்லை என்கிறார்கள். தொழுகைக்குள் தெரியாமல் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரழி), அதட்டாமலும் அடிக்காமலும் திருத்திய அப்படியொரு ஆசிரியரை முன்னும் பின்னும் கண்டதில்லை என்கிறார்கள்.

பிற்கால அறிஞர்கள் அடியை முற்றாக மறுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்கு வேலி போட்டார்கள். ஹிஜ்ரி 256இல் வஃபாத்தான இப்னு ஸஹ்னூன், ஆசிரியர்களுக்கென்றே எழுதிய நூலில் மூன்றடிக்கு மேல் போகக் கூடாது, கூடினால் தகப்பனின் அனுமதி வேண்டும் என்று வரையறுத்தார். இப்னு கல்தூன் (1332–1406) இன்னும் ஆழமாகப் போனார். கடுமையில் வளரும் பிள்ளை சோம்பலுக்கும் பொய்க்கும் பழகுகிறது, உள்ளொன்றும் புறமொன்றுமாக நடக்கக் கற்றுக்கொள்கிறது என்று முகத்திமாவில் விளக்கினார். மத்ரஸா நேரம் வந்ததும் "உம்மா, வயித்து வலி" என்று சுருண்டு படுக்கும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு அவர் சொல்வது நன்றாக விளங்கும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 341ஆம் பிரிவில், ஆசிரியர் நியாயமான அளவில் மாணவனை அடிப்பது குற்றமாகாது என்று ஓர் உதாரணம் இடம்பெற்றது. ஆங்கிலேயர் காலத்துச் சிந்தனை அது. 1995இல் சேர்க்கப்பட்ட 308ஏ பிரிவு வேறு விதமாகப் பேசுகிறது: 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர், துன்பமோ உடல்நலக் கேடோ வரக்கூடிய விதத்தில் வேண்டுமென்றே தாக்கினால் 2 முதல் 10 வருஷம் வரை சிறை, நட்டஈடும் விதிக்கலாம். பாடசாலையா மத்ரஸாவா என்ற பேதம் இங்கே கிடையாது. பின்னேரம் பிள்ளையைப் பொறுப்பேற்கும் உஸ்தாதுக்கும் இது பொருந்தும்.

2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பொன்று அடியின் விலையைக் காட்டியது. அரச பாடசாலை ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் காது பாதிக்கப்பட்ட மாணவருக்கு ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பு. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரச நிர்வாகத்துக்கு எதிரானது. பள்ளி நிர்வாகம் சம்பளம் கொடுக்கும் உஸ்தாத் அரச ஊழியர் அல்லர். ஆகவே மத்ரஸாப் பிள்ளைக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. மிஞ்சுவது பொலிஸும், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கமும்தான். ஊர்ப்பேரை நினைத்து அந்த இலக்கத்தை அழுத்தத் தயங்கும் குடும்பத்துக்குப் பள்ளி நிர்வாகத்தை விட்டால் வேறு யாருமில்லை.

உஸ்தாதை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. குறைந்த சம்பளம், ஒரே அறை, அலிப் படிப்பவனும் ஜுஸ்வு முடித்தவனும் ஒன்றாக. இருப்பதோ ஒன்றரை மணித்தியாலம். பிள்ளைகளைக் கையாளும் பயிற்சியை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. அவர் ஓதிய காலத்தில் கண்டது பிரம்பு, அதையே எடுக்கிறார்.

ஆகவே நிர்வாகங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. அடி இல்லை என்பதை எழுத்தில் ஒட்டுங்கள். நியமனக் கடிதத்திலும் சேருங்கள். பிள்ளைகளை வயதுப்படி அல்லாமல் பாடப்படி பிரியுங்கள். பாடம் தாமதித்தால் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ குறிப்பு போகட்டும். முறைப்பாடு கேட்க ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் நியமியுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். அடியை வெளியே சொல்லக் கூடாது என்று பழகிய பிள்ளை, அதைவிட மோசமான ஒன்று தனக்கு நடந்தாலும் சொல்லாது.

1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கி, பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை வேண்டும் என்று பாடுபட்ட அறிஞர் சித்தி லெப்பை பிறந்த ஊர் கண்டி. பிள்ளைகளின் கல்வியைத் திருத்தும் வேலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த விஷயமும் இருக்கிறதா என்று ஜமாஅத்தார் கேட்கலாம்.