நாவலைச் சேர்ந்து படிக்கலாமா? திருத்தணி வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் போனில் எத்தனை நாவல்கள் இருக்கின்றன? அதில் முப்பதாம் பக்கத்தைத் தாண்டியவை எத்தனை? "எங்கங்க நேரம் கிடைக்குது?" என்பதுதான் பலருடைய பதில். ஆனால் நேரம் இருப்பவர்களும் பாதியில் மூடி வைத்துவிடுகிறார்கள். படித்ததைப் பற்றிப் பேச ஆள் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். இதற்கு நல்ல மருந்து வாசகர் வட்டம்.

இது நமக்குப் புதிதல்ல. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் தொடராக வந்தபோது, வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அடுத்த இதழ் வரும்வரை அதே பேச்சுதான். அந்தச் சுவையைத்தான் வாசகர் வட்டம் திரும்பக் கொண்டுவருகிறது.

எந்த நாவலில் தொடங்கலாம்?

திருத்தணிக்காரர்களுக்கு ஒரு யோசனை: கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). ஆந்திரப் பக்கமிருந்து உயிருக்குப் பயந்து தெற்கே வந்த தெலுங்குக் குடும்பங்கள், கரிசல் காட்டைத் திருத்தி ஊராக்கிய கதை. நூறு வயதைத் தாண்டிய ஒரு பாட்டி சொல்லச் சொல்ல அது விரிகிறது. வீட்டில் தெலுங்கு பேசிய எழுத்தாளர் அதைக் கரிசல் தமிழில் எழுதினார். இதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றது.

நம் ஊர் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. கடைத்தெருவில் இன்றும் இரண்டு மொழியும் காதில் விழும். தெலுங்கில் படித்து வளர்ந்த பெரியவர்களுக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், எழுத்துக் கூட்டத்தான் வராது. அவர்களையும் கூப்பிடுங்கள். நீங்கள் படியுங்கள், அவர்கள் கேட்கட்டும். நாலு பக்கம் போவதற்குள், "எங்க தாத்தாவும் இப்படித்தான் வந்தாராம்" என்று யாராவது ஆரம்பிக்கலாம். அந்தக் கதை எந்தப் புத்தகத்திலும் இருக்காது. இப்போது கேட்காவிட்டால் அவர்களோடே போய்விடும்.

எப்படித் தொடங்குவது?

• ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். கூட்டம் பெருகினால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

• உங்கள் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். 1948-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். எனவே நூலகம் உங்கள் பணத்தில் நடப்பதுதான். பல நூலகங்களில் வாசகர் வட்டம் ஏற்கெனவே இருக்கிறது. முதலில் நூலகரிடம் கேளுங்கள். கூடிப் பேச இடம் கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள்.

• ஒரே பிரதிதான் இருக்கிறதா? சேர்ந்து உரக்கப் படியுங்கள். கல்கி, புதுமைப்பித்தன் போன்றோரின் நாட்டுடைமையான நூல்களை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகத்தில் தேடிப் பாருங்கள். விற்பனையில் உள்ள நாவல்களின் பிடிஎஃப்பை மட்டும் குழுவில் சுற்றவிடாதீர்கள்.

• வாரத்துக்கு நாற்பது பக்கம் போதும். சென்னைக்கு மின்சார ரயிலில் போய் வருபவர்கள் வண்டியிலேயே முடித்துவிடலாம்.

• வாட்ஸ்அப் குழுவுக்கு இரண்டே விதி: ஃபார்வர்டு கூடாது, முடிவை முன்கூட்டிச் சொல்லக் கூடாது.

• கிருத்திகையன்று கூட்டம் வைக்காதீர்கள். மலைக்கு வரும் கூட்டத்தில் யாரும் நேரத்துக்கு வந்து சேர முடியாது.

என்ன பேசுவது?

இலக்கிய விமர்சனம் எல்லாம் வேண்டாம். "எந்த இடத்தில் மனசு நின்றது? யார் செய்தது சரியில்லை?" இந்த இரண்டு கேள்வியே ஒரு மணி நேரத்துக்குப் போதும். ஒரே பாத்திரத்தை மருமகள் ஒரு மாதிரியும் மாமியார் வேறு மாதிரியும் பார்ப்பார்கள். சொந்த வீட்டு விஷயமென்றால் சண்டையில் முடியும் பேச்சு, நாவலைப் பற்றியது என்பதால் சிரிப்பில் முடியும். எதிராளியின் நியாயம் நமக்குப் புரிவதும் அப்போதுதான்.

படித்து முடிக்காதவர்களும் வரட்டும். "முடிக்கலையே" என்ற கூச்சத்தில்தான் பலர் இரண்டாவது கூட்டத்துக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள். இந்த வாரம் நூலகத்துக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் கூட அழைத்துப் போங்கள். இரண்டு பேர் சேர்ந்தாலே வட்டம் ஆரம்பித்துவிட்டது.