இந்தச் சக்கரம் எதற்கு? – கழிவுப் பொருள்களில் நீராவிக் கால மேடை அணிகள்

ஆண்டு விழாவோ கலைத் திருவிழாவோ நெருங்கினால், நாடகம் போடும் ஆசிரியருக்கு முதலில் வரும் கவலை உடைதான். வாடகைக் கடையில் அரசர் உடை கிடைக்கும். கிரீடமும் வாளும் கிடைக்கும். ஆனால் வாடகைத் தொகையைக் கேட்டதும், "எனக்கு நாடகம் வேண்டாம் டீச்சர்" என்று மெதுவாகப் பின்வாங்கும் குழந்தை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. நன்றாக நடிக்கக்கூடிய பிள்ளையாகவும் அது இருக்கலாம். காசு கொடுத்து வாங்கக் கூடாது, கையால் செய்ததையே அணிய வேண்டும் என்பதை விதியாகக் கொண்ட ஒரு நாடகத்தில் இந்தப் பின்வாங்கல் இருக்காது. அப்படி ஒரு நாடகத்துக்குப் பொருத்தமான உடைப் பாணிதான் 'ஸ்டீம்பங்க்'.

பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் இதற்குத் தேவையானவை அட்டைப்பெட்டி, தேநீர்க் கடைக் காகிதக் கப், பாட்டில் மூடி, காலி ரீஃபில், தென்னை ஈர்க்கு போன்றவையே. உடையோடு சேர்த்து அறிவியலும் கணக்கும் கற்பிக்க இதில் நிறைய இடம் இருக்கிறது.

ஸ்டீம்பங்க் என்றால் என்ன?

மின்சாரமும் பெட்ரோலும் உலகை ஆளத் தொடங்காமல், நீராவி இயந்திரமே மேலும் மேலும் வளர்ந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும்? இந்தக் கற்பனையில் பிறந்த கதைகளுக்கும் உடைகளுக்கும்தான் ஸ்டீம்பங்க் என்று பெயர். அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் 1987இல் 'லோகஸ்' இதழுக்கு எழுதிய கடிதத்தில், அப்போது புகழ்பெற்றிருந்த 'சைபர்பங்க்' கதைகளின் பெயரைத் திருப்பிப் பாதி வேடிக்கையாக இந்தச் சொல்லை உருவாக்கினார். வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து எழுதிய 'தி டிஃபரன்ஸ் எஞ்சின்' நாவல் 1990இல் வந்தது. சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பற்சக்கரக் கணிப்பொறி 19ஆம் நூற்றாண்டிலேயே வெற்றி பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே அதன் கரு. உண்மையில் பாபேஜ் தம் வாழ்நாளில் அதை முழுமையாகச் செய்து முடிக்கவில்லை. அவருடைய வரைபடங்களைக் கொண்டு லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991இல் அந்த இயந்திரத்தின் கணக்கிடும் பகுதியைச் செய்து இயக்கிக் காட்டியது.

ஆகவே இந்தப் பாணியின் அடையாளங்கள் எல்லாம் இங்கிலாந்தின் விக்டோரியா காலத்தைச் சேர்ந்தவை: பித்தளைப் பற்சக்கரங்கள், தோல் பட்டைகள், காற்றுப்படாமல் கண்ணை மூடும் கண்ணாடிகள், அழுத்தமானிகள், சங்கிலியில் தொங்கும் கடிகாரங்கள். அந்தக் காலத்தின் இயந்திரங்களைப் பார்த்தால் எந்தப் பாகம் எதை இயக்குகிறது என்பது வெளியிலேயே தெரியும். இன்றைய கைப்பேசியைப் பிரித்தாலும் அப்படித் தெரியாது. நம் வகுப்பறைக்கு இதுதான் முக்கியம்.

ஒரே ஒரு விதி

இந்தப் பாணியில் உடை செய்பவர்களிடையே ஒரு கேலி உண்டு: எதன்மீதாவது நாலு பற்சக்கரத்தை ஒட்டிவிட்டால் அது ஸ்டீம்பங்க் ஆகிவிடுமாம். நம் மாணவர்கள் அப்படி ஒட்டக் கூடாது. வேலை தொடங்கும் முன் கரும்பலகையில் ஒரு விதியை எழுதிவிடுங்கள்:

'ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். இது எதற்கு என்று யார் கேட்டாலும் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.'

பதில் கற்பனையாக இருக்கலாம். ஆனால் இயந்திர முறைப்படி பொருந்த வேண்டும். "இந்தச் சக்கரம் சுற்றினால் பக்கத்துச் சக்கரம் சுற்றும், அது இந்த முள்ளை நகர்த்தும்" என்று சொல்லும் மாணவர், கையில் இருப்பது வெறும் அட்டையே ஆனாலும் ஓர் இயந்திரத்தைத்தான் வடிவமைத்திருக்கிறார்.

சுழலும் பற்சக்கரம்

பெரும்பாலான பொருள்களைக் கட்டிவரும் மூன்றடுக்கு அட்டைப்பெட்டியின் நடு அடுக்கு நெளிநெளியாக இருக்கும். ஒரு பக்கக் காகிதத்தை இலேசாக ஈரத் துணியால் ஒற்றிச் சில நிமிடம் கழித்து உரித்தால் நெளிவுகள் வெளியே தெரியும். இவைதான் நம் பற்சக்கரத்தின் பற்கள். நெளிவுகளுக்குக் குறுக்காக 1 செ.மீ. அகலத்தில் பட்டையாக வெட்டினால், ஏணிப்படி போல் பற்கள் வரிசையாக நிற்கும்.

இனி வட்டம். முதலில் வட்டத்தை வெட்டிவிட்டுப் பட்டையைச் சுற்றினால், சேரும் இடத்தில் ஒரு பல் பாதியாகிச் சக்கரம் அங்கே சிக்கும். எனவே முதலில் பற்களை எண்ணுங்கள். பிறகு வட்டத்தைக் கணக்கிடுங்கள். 24 நெளிவுகள் கொண்ட பட்டையின் நீளம் 18 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதுதான் சக்கரத்தின் சுற்றளவு. 18ஐ 3.14ஆல் வகுத்தால் விட்டம் ஏறத்தாழ 5.7 செ.மீ. அதே அட்டையில் 12 நெளிவுகளுக்கு நீளம் 9 செ.மீ., விட்டம் ஏறத்தாழ 2.9 செ.மீ. பெட்டிக்குப் பெட்டி நெளிவின் அளவு மாறும் என்பதால் ஒவ்வொரு குழுவும் தன் பட்டையைத் தானே அளந்தாக வேண்டும். பார்த்து எழுத இடமில்லாத கணக்கு இது. விட்டம் தவறினால் பட்டை சேராது. விடை சரியா என்று ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை.

கணக்கிட்ட அளவில் மூன்று அட்டை வட்டங்களை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் பட்டையின் அகலத்துக்கு ஏற்ற தடிமன் வரும். விளிம்பில் பசை தடவிப் பட்டையைப் பற்கள் வெளியே தெரியும்படி சுற்றி, காயும்வரை ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். நடுவில் துளையிட்டு, காலி ரீஃபில் குழாயில் ஒரு துண்டைச் செருகி ஒட்டுங்கள். அதற்குள் தென்னை ஈர்க்குத் துண்டை அச்சாக நுழைத்தால் சக்கரம் தடையின்றிச் சுழலும். கழன்று விழாமல் இருக்க ஈர்க்கின் நுனியில் ஒரு பாசிமணியை ஒட்டினால் போதும். 12 பற்களுக்குக் குறைவான சக்கரம் வேண்டாம். சிறிய வட்டத்தில் சுற்றும்போது பற்கள் அதிகமாக விரிந்து, பக்கத்துச் சக்கரத்தோடு சரியாகப் பொருந்தாது.

முன்கையில் கட்டும் கருவிக்கு 14 × 8 செ.மீ. அட்டை ஒன்று அடித்தளமாகப் போதும். சக்கரங்கள் இரண்டையும் பல்லோடு பல் பதியும்படி அதன்மேல் வைத்துப் பார்த்து, மையங்களைக் குறித்த பிறகே அச்சுக்குத் துளையிடுங்கள். பெரிய சக்கரத்தின் மேல் ஒரு தீக்குச்சியைக் கைப்பிடியாக ஒட்டுங்கள். அடித்தளத்தின் இரு ஓரத்திலும் துணிப்பட்டையோ பழைய சைக்கிள் டியூப் பட்டையோ கோத்தால் கையில் கட்டிக்கொள்ளலாம்.

இப்போது கேள்விகள் கேட்கலாம். பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றினால் சிறியது எத்தனை முறை சுற்றும்? 24:12, அதாவது இருமுறை. இரண்டும் ஒரே திசையிலா சுற்றுகின்றன? இல்லை, எதிரெதிர்த் திசையில். மூன்று சக்கரங்களை முக்கோணமாக ஒன்றையொன்று தொடும்படி வைத்தால்? எதுவும் அசையாது. முதல் சக்கரம் வலமாகவும் இரண்டாவது இடமாகவும் சுற்றினால், மூன்றாவது ஒரே நேரத்தில் இரண்டு திசைகளிலும் சுற்ற வேண்டியிருக்கும். கடைகளில் விற்கும் படங்களிலும் விளம்பரங்களிலும் இப்படிச் சுற்றவே முடியாத மூன்று சக்கரங்களைக் காணலாம். தன் கையால் செய்து பார்த்த மாணவர் அந்தப் பிழையைப் பார்த்ததும் கண்டுபிடிப்பார்.

மீதமிருக்கும் பட்டையைச் சுற்றாமல் நேராகத் தரையில் ஒட்டி, அதன்மேல் பற்சக்கரத்தை உருட்டிக் காட்டுங்கள். நீலகிரி மலை இரயில் ஏறும் முறை இதுவே. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கிய அந்த இரயிலுக்கு, கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள செங்குத்தான பாதையில் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டே ஏறுகிறது.

அழுத்தமானி

இது நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கும் எளிது. அகலமான பாட்டில் மூடிக்குள் வெள்ளைத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். பாகைமானியால் 270 பாகை வில்லைக் குறித்து, 0 முதல் 10 வரை பிரித்தால் ஒவ்வொரு பிரிவும் 27 பாகை. ஈர்க்குத் துண்டு முள்ளாகும். கடைசி இரு பிரிவுகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டலாம். நீராவிக் கொதிகலனின் மானியிலும் இதைத் தாண்டக் கூடாது என்று சிவப்புக் கோடு இருக்கும்.

இந்த மானி எதை அளக்கிறது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். வகுப்பின் சத்தமா, பசியா, மழை வரும் வாய்ப்பா? அளவுக்கு அலகு என்ன? சிவப்பைத் தொட்டால் என்ன செய்ய வேண்டும்? விளையாட்டாக வரும் பதில்களிலும் அளவு, அலகு, வரம்பு என்ற மூன்று கருத்துகள் பதிந்துவிடும்.

உண்மையான மானி எப்படி வேலை செய்கிறது என்று மேல் வகுப்பு மாணவர் கேட்டால், திருவிழாவில் விற்கும் காகித ஊதலைக் காட்டுங்கள். ஊதினால் சுருள் விரிந்து நீளும், விட்டால் சுருண்டுகொள்ளும். பிரான்சின் யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற அழுத்தமானிக்குள்ளும் வளைந்த, தட்டையான ஓர் உலோகக் குழாய் இருக்கிறது. அழுத்தம் ஏறும்போது அது சற்றே நிமிர்ந்து முள்ளை நகர்த்துகிறது.

கண்ணாடி

இரண்டு காகிதக் கப்புகளின் வாய்ப்பகுதியை 2 செ.மீ. உயரத்துக்கு வளையமாக வெட்டுங்கள். மடிந்து உருண்டிருக்கும் விளிம்பு முகத்தை உறுத்தாது. குறுகிய பக்கத்தில், நோட்டுக்குப் போடும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையை வட்டமாக வெட்டி ஒட்டலாம். இரு வளையங்களையும் சைக்கிள் டியூப் துண்டால் இணைத்து, இரு பக்கமும் எலாஸ்டிக் நாடா கோத்தால் கண்ணாடி தயார். மேடையில் நடக்கும்போது இதை நெற்றியிலோ தொப்பியிலோ ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். பார்வையும் மறைக்காது, தோற்றத்துக்கும் அதுவே அழகு.

அட்டையைப் பித்தளையாக்குதல்

பிளாஸ்டிக், தகரம் ஆகியவற்றின்மீது போஸ்டர் கலர் ஒட்டாது. முதலில் செய்தித்தாள் துண்டுகளைப் பசை கலந்த நீரில் நனைத்து ஒட்டிக் காயவைக்க வேண்டும். ஆணித்தலைகள் போலத் தெரிய, ஒட்டுப் பொட்டுகளை வரிசையாக ஒட்டலாம். பிறகு மூன்று படிகள்:

1. முழுவதும் கறுப்பு பூசிக் காயவிடுங்கள்.
2. தூரிகையில் தங்க நிறத்தையோ செம்பு நிறத்தையோ தொட்டு, பழைய தாளில் பெரும்பகுதியைத் துடைத்துவிடுங்கள். ஏறக்குறைய உலர்ந்த அந்தத் தூரிகையால் மேலோட்டமாகத் தேய்த்தால் மேடுகள் மட்டும் மின்னும். பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும்.
3. நீர்த்த பழுப்பு வண்ணத்தைப் பூசி உடனே துணியால் துடையுங்கள்.

வீட்டில் இருக்கும் பழைய பித்தளைக் குடத்தைப் பார்த்துவரச் சொன்னால் இதன் காரணம் மாணவருக்குப் புரியும். கை படும் இடம் பளபளக்கிறது. கை படாத மூலை கறுத்துக் கிடக்கிறது.

கவனிக்க வேண்டியவை

வெட்டுக்கத்தியும் சூடான பசைத் துப்பாக்கியும் ஆசிரியர் கையில் மட்டுமே இருக்கட்டும். பழைய கடிகாரம், ரிமோட் ஆகியவற்றைப் பேட்டரியை நீக்கிய பின் பிரிக்கலாம். தொலைக்காட்சிப் பெட்டி, குழல் விளக்கு, பாதரச வெப்பமானி ஆகியவற்றைத் தொடவே கூடாது. தகரத்தின் கூர்முனைகளை மடக்கிவிடுங்கள். கடிகாரச் சங்கிலியைக் கழுத்தில் மாட்டாமல் சட்டைப் பையில் ஊக்கால் குத்துங்கள். செய்த கண்ணாடியால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

யாருடைய கதை?

விக்டோரியா காலம் நம் நாடு அடிமைப்பட்டிருந்த காலமும்கூட. பிரபுக்களையும் தளபதிகளையும் மட்டும் மேடையேற்றினால் பாதிக் கதை விடுபட்டுவிடும். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர், தண்டவாளம் பதித்தவர், தந்தி அடித்தவர், கணிப்பொறிக்கான செய்முறையை 1843இலேயே எழுதி வெளியிட்ட அடா லவ்லேஸ் ஆகியோரும் பாத்திரங்களாகலாம். ஜூல் வெர்னின் புகழ்பெற்ற நீர்மூழ்கித் தலைவர் நெமோ, 'மர்மத் தீவு' நாவலின்படி ஓர் இந்திய இளவரசர். 1857 எழுச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர். அவருடைய நாட்டிலஸ் கப்பல் நீராவியில் ஓடவில்லை, மின்சாரத்தில் ஓடியது என்பதையும் மாணவரிடம் சொல்லலாம்.

மதிப்பீடு

பொருள் சேகரிக்க ஒரு வாரமும் செய்ய நான்கு பாடவேளைகளும் போதும். முடிவில் ஒவ்வொரு மாணவரும் தம் கருவியை ஒரு நிமிடம் அறிமுகப்படுத்தட்டும்: இதன் பெயர் என்ன, எது இதை இயக்குகிறது, அசைவு எங்கிருந்து எங்கே போகிறது, கடைசியில் என்ன நடக்கிறது? கேட்பவர்கள் எந்தப் பாகத்தையும் சுட்டி 'இது எதற்கு?' என்று கேட்கலாம். பதில் இல்லாத சக்கரத்தை மாணவரே கழற்றிவிடலாம், அல்லது அதற்கொரு வேலை கண்டுபிடிக்கலாம். வண்ணத்தின் பளபளப்பைவிட இந்தப் பதிலுக்கே மதிப்பெண் கொடுங்கள். அப்போது வாடகை கொடுக்க முடியாத குழந்தையும் மற்றவர்களோடு ஒரே வரிசையில் நின்று, தான் செய்ததைப் பற்றித் தெளிவாகப் பேசும்.